பண்டிகை அடுப்படியில் ஒரு முறையீடு

தியானப் பகுதி: லூக்கா 10:38–42, யோவான் 21:1–14



திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்திற்குள் வந்திருக்கிறோம். வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. வாலிபர்கள் இரவுதோறும் கீத பவனிக்குப் புறப்படுகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடியும் நாளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வாரத்தில் சந்தோஷத்தைக் குறித்துத் தியானிப்பது சபையின் வழக்கம். அந்தச் சந்தோஷத்திற்குத் தடையாக நம்முடைய வீடுகளில் நிற்கும் ஒன்றைக் குறித்து முதலில் பேச விரும்புகிறேன். அது எரிச்சல். பெரிய பாவங்களின் பட்டியலில் நாம் அதைச் சேர்ப்பதில்லை. ஜெபக் குறிப்புகளில் எழுதிக் கொடுப்பதும் இல்லை. ஆயினும் டிசம்பர் மாதத்தில் நான் படியேறும் வீடுகள் பலவற்றில் அது எனக்கு முன்பாகவே வந்து அமர்ந்திருக்கக் காண்கிறேன்.

வீடு சந்திப்புக்கு வரும் போதகருக்கு முன்னறையில் நாற்காலி போடுவார்கள். குடும்பத் தலைவர் எதிரே அமர்வார். வேதம் வாசித்து ஜெபிக்கும் வேளையில், உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் சற்று ஓங்கி வைக்கப்படும் ஓசை கேட்கும். யாரும் கண் திறப்பதில்லை; ஜெபம் தொடர்கிறது. அந்த ஓசையும் ஒரு ஜெபம்தான் என்பதைப் பல ஆண்டு ஊழியத்தில் நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். வார்த்தையில் சொல்லக் கூடாத ஒருவர் தம் கையிலிருப்பதைக் கொண்டு செய்யும் முறையீடு அது.

நம் வட்டாரத்தின் டிசம்பர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் மழையையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம். ஆகவே கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்களில்தான் கரிசல் காட்டில் வேலை குவிகிறது. உளுந்திலும் பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் களை எடுக்க வேண்டும். மருந்து அடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்த வாரமே தவறிப்போகும். கரிசல் மண் ஒட்டிய கால்களோடு மாலையில் வீடு திரும்பும் பெண், கால் கழுவிய கையோடு அரிசி ஊறப்போடுகிறாள். அடுத்த நாள் பலகாரத்திற்கு மாவு வேண்டும்.

நகரத்திற்குள் நிலைமை வேறு, பாரம் ஒன்றுதான். நம் சபையில் நூற்பாலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் உண்டு. பஞ்சாலையின் ஷிப்டு கிறிஸ்துமஸ் இரவுக்காக நிற்பதில்லை. விடுப்புக் கேட்டால், பொங்கலுக்கு எடுத்துக்கொள் என்று பதில் வரும். நெசவு செய்வோரின் வீடுகளில் அடைமழை நாட்களில் பாவு காய்வதில்லை. குழித்தறியின் குழியில் ஈரம் ஊறுகிறது. வேலை தடைப்பட்டால் கூலியும் தடைப்படும்; பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வைத்திருந்த பணம் அப்படியே கரையும். துணிக்கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள் ஊரார் எல்லாருக்கும் பண்டிகைத் துணியை விரித்துக் காட்டிவிட்டு, தங்கள் துணியை எடுக்க நேரமில்லாமல் இரவு பத்து மணிக்கு வீடு வருகிறார்கள். மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரிகளுக்கோ டிசம்பர் 25-ம் ஒரு பணி நாளே.

அடுப்படியைப் பற்றி நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வாசிப்போரில் பலர் அதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாள் எது என்பதைச் சுற்றியே வீட்டு வேலைகள் அனைத்தும் ஓடுகின்றன. தண்ணீர் வரும் நாளும் விருந்தாளி வரும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதிரசத்திற்குப் பாகு பதம் சற்று இளகினால் எண்ணெயில் இட்டவுடன் பிரிந்துபோகிறது. சற்று முறுகினால் கல்லாகிறது. அச்சு முறுக்கிற்கு அச்சைக் காய விடாமல் தோய்த்தால் மாவு பிடிப்பதில்லை. அச்சு புதிதென்றால் பிடித்த மாவு விடுவதில்லை. வாணலியில் பாதிப் பலகாரம் இருக்கையில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோகிறது. தீபாவளிக்குத் தட்டு கொடுத்தனுப்பிய அயல் வீட்டார் அனைவருக்கும் திரும்பத் தட்டு போக வேண்டும். அதில் எத்தனை வகை இருந்தது என்பது இரு வீட்டுக்கும் தெரியும். விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் மணிக்கொரு முறை என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நள்ளிரவு கடந்து கீத பவனிக் குழு வரும். இருபது பேருக்குத் தேநீர் போட வேண்டும். அதிகாலை ஆராதனைக்கு நான்கு மணிக்கு ஆலயத்தில் இருக்க வேண்டுமானால் மூன்று மணிக்கு எழ வேண்டும். ஆராதனை முடிந்து திரும்பினால் பிரியாணிக்கு வெங்காயம் காத்திருக்கும்.

சென்ற ஆண்டு வீடு சந்திப்பின்போது ஒரு சகோதரி என்னிடம் இவ்வாறு சொன்னார்: “ஐயா, சின்ன வயதில் கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று காத்திருந்தேன். இப்போது எப்போது முடியும் என்று காத்திருக்கிறேன்.” சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: “ஆராதனைக்கு வருகிறேன், ஐயா. பிரசங்கத்துக்கு உட்கார்ந்ததும் கண் சொருகிவிடுகிறது. கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை முழுமையாகக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.”

பிரியமானவர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் இலேசாகக் கடந்துவிடலாகாது. தேவன் மனுஷனான செய்தியைக் கொண்டாடுவதற்காகவே இத்தனையும் செய்கிறோம். செய்கிறவரோ அந்தச் செய்தியைக் கேட்க முடியாதபடி களைத்திருக்கிறார். வீடு முழுவதும் விருந்துண்ணும் நாளில், விருந்தைச் சமைத்தவர் பசியோடு இருக்கிறார். அவருடைய பசி ஆத்துமாவின் பசி என்பதால் அது எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

மார்த்தாளின் முறையீடு

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் மார்த்தாளை நாம் அநேகமுறை பிரசங்கங்களில் சந்தித்திருக்கிறோம். பெரும்பாலும் அவள் ஓர் எச்சரிக்கையாகவே நிறுத்தப்படுகிறாள்: மரியாளைப்போல் இரு, மார்த்தாளைப்போல் இராதே. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் சகோதரியோ மறுபடியும் அடுப்பைத்தான் பற்றவைக்கிறார். அவர் பற்றவைக்காவிட்டால் மரியாள்களும் பிரசங்கியாரும் பட்டினிதான்.

வேதபகுதியைச் சற்று நிதானமாக வாசிப்போம். இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவள் மார்த்தாள். அவளுடைய பெயருக்கு அரமேய மொழியில் வீட்டின் தலைவி என்று பொருள். அவள் செய்த பணிவிடையைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் ‘தியாகோனியா’. சபையின் ஊழியத்திற்கும் புதிய ஏற்பாடு இதே சொல்லைத்தான் வழங்குகிறது. ஆகவே சமையலை லூக்கா தாழ்ந்த வேலையாக எண்ணவில்லை. அவளுடைய நிலையை விவரிக்க அவர் இன்னொரு சொல்லை வைக்கிறார். அதன் நேர்ப்பொருள், நாலா பக்கமும் இழுக்கப்படுதல். அடுப்பில் ஒன்று, அரவையில் ஒன்று, வாசலில் ஒருவர், தொலைபேசியில் ஒருவர் என்று இழுபடுகிற எவருக்கும் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

இழுபட்ட மார்த்தாள் என்ன செய்தாள்? நேரே ஆண்டவரிடத்தில் வந்து முறையிட்டாள். தன்னைத் தனியே விட்டுவிட்ட சகோதரியைக் குறித்து மட்டுமல்ல, அதைக் கண்டும் காணாமலிருப்பதாகத் தோன்றிய ஆண்டவரைக் குறித்தும் முறையிட்டாள். இது மரியாதைக் குறைவு என்று நமக்குத் தோன்றலாம். ஆண்டவருக்கு அவ்வாறு தோன்றியதாக வசனம் சொல்லவில்லை. அவர் அவளுடைய பெயரை இருமுறை சொல்லி அழைத்தார். வேதத்தில் அவ்வாறு இருமுறை அழைக்கப்பட்டவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மோரியா மலையில் ஆபிரகாம், எரியும் முட்செடியின் அருகே மோசே, ஆசாரிப்பு விளக்கின் அருகே சாமுவேல், தமஸ்கு வழியில் சவுல். அந்த வரிசையில், பெத்தானியாவின் அடுப்படியிலிருந்து வேர்த்த முகத்தோடு வந்த ஒரு பெண்ணும் நிற்கிறாள். அது கடிந்துகொள்ளும் தொனி மட்டுமல்ல; மனதுருக்கமும் அதில் உண்டு.

ஆண்டவர் அவளுடைய வேலையைக் குறை சொல்லவில்லை. அநேக காரியங்கள் அவளை இழுத்துக் கலக்குவதையே எடுத்துக்காட்டினார். தேவையானது ஒன்று என்று சொன்னபோது, அந்த ஒன்று மார்த்தாளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். மரியாளிடமிருந்து அது எடுபடாது என்றால், மார்த்தாளுக்கு மட்டும் அது மறுக்கப்படலாகுமா?

மார்த்தாளின் கதை அங்கே முடியவும் இல்லை. சகோதரன் லாசரு மரித்தபின் ஊருக்கு வெளியே சென்று ஆண்டவரைச் சந்தித்தவளும் அவளே. அங்கும் முதலில் ஒரு முறையீடுதான்: அவர் அங்கு இருந்திருந்தால் மரணம் நேர்ந்திராது என்று. அந்த உரையாடலின் முடிவில், அவரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கை செய்தாள். பேதுரு செய்த அறிக்கைக்கு நிகரான அறிக்கை அது. பின்பு யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். அதே வேலை, ஆனால் முறையீடு எதுவும் எழுதப்படவில்லை. இடையில் அவள் பாரத்தை ஒருவர் கேட்டிருந்தார். அவள் கண்ணீரையும் கண்டிருந்தார். முறையிட்டவளைத் தள்ளிவிடாத ஆண்டவருக்கு அவள் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இழை அறும்போது

நூற்பாலையில் பணிபுரியும் நம் சகோதரர்கள் எனக்கு விளக்கிய ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். நூற்பு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழல்கின்றன. அவற்றில் ஏதோ ஓர் இழை அவ்வப்போது அறும். அதைக் கவனிப்பவர் நடந்துகொண்டே இருப்பார், அறுந்த இழையைக் கண்டதும் நின்று இணைப்பார், மறுபடியும் நடப்பார். இணைக்காமல் விட்டால் பஞ்சு வீணாகும். சில வேளைகளில் அது உருளையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் அறுத்துவிடும். ஓர் இழை அறுவது வழக்கமான காரியம். ஆனால் இங்கும் அங்குமாக இழைகள் தொடர்ந்து அறுந்தால், அனுபவமுள்ளவர் இழையைத் திட்டுவதில்லை. ஆலைக்குள் காற்றின் ஈரப்பதம் குறைந்திருக்கிறதா, பஞ்சில் குறை இருக்கிறதா என்று பார்ப்பார். காற்று வறண்டால் இழை தாங்காது.

வீட்டிலும் அப்படியே. என்றோ ஒரு நாள் அதிரசம் பிரிந்து, அதனால் ஒரு சுடுசொல் பிறந்தால், அதை அன்றே இணைத்துவிடலாம். பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டும் என்று எபேசு சபைக்கு எழுதப்பட்டதும் இதற்காகவே. இணைக்காமல் விட்ட ஒரு சொல் எவ்வளவு தூரம் சுற்றிக்கொள்ளும் என்பதை நான் கண்டிருக்கிறேன். சிலிண்டர் பதிவு செய்ய மறந்தது யார் என்பதில் தொடங்கிய ஒரு வார்த்தை, பண்டிகை நாளில் கணவனும் மனைவியும் ஆலயத்தில் ஒருவரையொருவர் பாராமல் நற்கருணை வாங்கும் அளவுக்கு நீண்ட வீடும் உண்டு.

ஆனால் டிசம்பர் முழுவதும் இழைகள் அறுந்துகொண்டே இருந்தால், அறுந்த இழையைப் பார்த்து “உனக்குப் பொறுமை போதாது” என்று சொல்வதில் பயனில்லை. அந்த வீட்டின் காற்றைப் பார்க்க வேண்டும். யார் தூங்குகிறார், யார் தூங்கவில்லை? யார் உட்கார்ந்து உண்கிறார், யார் நின்றுகொண்டே உண்கிறார்? பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவரிடம் வாசலிலேயே கணக்குக் கேட்கப்படுகிறதா? மகனுக்கு ஓய்வு, மருமகளுக்கு அடுப்பு என்று எழுதாத சட்டம் ஒன்று ஓடுகிறதா? பல வீடுகளில் பாரம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை அறிவிக்கும் மணிதான் எரிச்சல். மணியை அடக்கிவிட்டால் பாரம் குறைந்துவிடாது.

களைத்தவரைத் தேவன் நடத்தும் விதத்தை எலியாவின் சரித்திரத்தில் காண்கிறோம். சூரைச்செடியின் கீழ், போதும் என்று சாகத் துணிந்து படுத்திருந்த தீர்க்கதரிசிக்கு முதலில் கொடுக்கப்பட்டவை தூக்கமும் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீருமே. அதன்பின் இரண்டாம் முறையும் உணவு. மெல்லிய சத்தத்தோடு தேவன் பேசியது நாற்பது நாளுக்குப் பின்பு. உடல் சோர்ந்தவருக்கு முதல் மருந்து புத்திமதி அல்ல என்பதை வானத்தின் தேவன் அறிந்திருக்கிறார்.

அடுப்படியில் ஒரு துறவி

பிரான்சு தேசத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் போர்வீரராக இருந்து காயமடைந்தவர். 1640-இல் பாரிஸ் நகரத்துக் கர்மேல் துறவு மடத்தில் சேர்ந்தார். கல்வியில்லாத அவருக்கு மடத்தின் சமையலறை கொடுக்கப்பட்டது. சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே வெறுப்பானது என்பதை அவருடைய உரையாடல்களைக் குறித்து வைத்தவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். திராட்சரசம் கொள்முதல் செய்யத் தூரதேசத்திற்கு அனுப்பப்பட்டபோது, கால் ஊனத்தால் படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டு நகர்ந்தாராம். அந்த வேலையும் அவருக்குப் பிடித்ததல்ல. ஆயினும் ஆண்டவரே, இது உம்முடைய வேலை என்று சொல்லி அதைச் செய்தார். பாத்திரங்கள் ஓசையிடும் அடுப்படியிலும் ஆலயத்தில் முழங்காலிடும் வேளையிலும் தேவசமுகம் தமக்கு ஒன்றே என்று சாட்சி சொன்னார். 1691-இல் அவர் மரித்த பின்பு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டு, இன்றுவரை உலகமெங்கும் வாசிக்கப்படுகின்றன.

அடுப்படியும் தேவசமுகமே என்பதற்கு அவர் நல்ல சாட்சி. ஆனால் இந்தச் சாட்சியை அடுப்படியில் நிற்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். முன்னறை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அடுப்படியைப் பார்த்துச் சொல்வதற்கு இது உரியதல்ல. நாற்காலியில் இருப்பவருக்கு வேறொரு வேதபகுதி உண்டு.

ஆண்டவர் மூட்டிய அடுப்பு

யோவான் இருபத்தொன்றாம் அதிகாரத்தில், திபேரியா கடலில் ஏழு சீஷர் இரா முழுவதும் வலை வீசி ஒன்றும் பிடிக்கவில்லை. வேலையில் ஏமாற்றம் என்றால் இதுதான். உடல் நோவு உண்டு, கூலி இல்லை. மழைக்குப் பாவு நனைந்த நெசவாளியும், பூச்சி அரித்த மக்காச்சோளத்தைப் பார்த்து நிற்கும் விவசாயியும் அந்தப் படகில் இருந்தவர்களின் முகத்தை அறிவார்கள். விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். மரணத்தை வென்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர். சீஷர் கரைக்கு வந்து பார்க்கையில் கரி நெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது.

கரி நெருப்பு என்ற சொல்லைத் திருச்சுழிப் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீமைக் கருவேல மரங்களை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, மூட்டம் போட்டு, நாட்கணக்கில் புகையைப் பார்த்துக் காவலிருந்து கரி எடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. கரி உடனே பற்றுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். குனிந்து ஊத வேண்டும். புகை கண்ணில் ஏறும். தணல் சீராகப் பரவும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சீஷர் கரை சேருவதற்கு நெடுநேரம் முன்பே ஆண்டவர் அந்த அடுப்பின் முன் இருந்திருக்கிறார் என்றே எண்ணுகிறேன். புதிய ஏற்பாட்டில் இந்தக் கரி நெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்து ஆண்டவரை மறுதலித்த முற்றத்தில். மற்றது, இந்தக் கரையில். மறுதலித்தவனிடத்தில் பேச வேண்டியது ஆண்டவருக்கு நிறைய இருந்தது. அதை அவர் சாப்பாட்டிற்குப் பின்பே பேசினார்.

பண்டிகை நாளில் அடுப்படிக்குள் வருவது தமக்குத் தகாது என்று எண்ணும் சகோதரர்களே, நாம் பணிந்துகொள்ளும் ஆண்டவர் சமைத்திருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்தவர்களுக்கு அவர் தம் கையால் பரிமாறினார். பெத்லகேமின் செய்தியையும் நினைவுகூருங்கள். அந்த இராத்திரியில் தேவதூதன் முதலில் தேடிச் சென்றது விருந்தில் அமர்ந்தவர்களை அல்ல. வயல்வெளியில் மந்தையைக் காத்து இராவேலையில் இருந்தவர்களிடம் சென்றான். நம் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டுப் பனியில் விழித்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மேய்ப்பர்கள் அந்நியர் அல்லர். நற்செய்தி வேலைக்களத்திற்கே வந்தது. வேலையில் இருப்பதால் ஒருவர் அதை இழந்துவிடக் கூடாது என்பதே அதன் பொருள் என்று நம்புகிறேன்.

இவ்வாண்டு நாம் செய்யக்கூடியவை

சபை மூப்பர்களோடு கலந்து பேசிச் சில காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம். கீத பவனிக் குழு இவ்வாண்டு இரவு பத்து மணிக்குள் அந்தந்தத் தெருவை முடித்துக்கொள்ளும். வீடுவீடாகத் தேநீர் ஆயத்தம் செய்ய வேண்டாம். தெருவுக்கு ஒரு வீடு போதும், தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது வாலிபரின் பொறுப்பு. டிசம்பர் 25 அன்று அதிகாலை ஆராதனையோடு மாலை ஆறு மணிக்கும் ஓர் ஆராதனை நடைபெறும். பிரசங்கமும் நற்கருணையும் அதிலும் முழுமையாக உண்டு. ஷிப்டில் இருப்பவர்களும், அதிகாலையில் தூக்கம் தாங்காதவர்களும் அதற்கு வரலாம். அதிகாலையில் வரவில்லையே என்று எவரும் எவரையும் கேட்க வேண்டாம்.

வீடுகளில் செய்ய வேண்டியதை நீங்களே அறிவீர்கள். இரண்டொன்றை மட்டும் சொல்கிறேன். அயலாருக்கு அனுப்பும் தட்டில் ஒரே வகைப் பலகாரம் இருந்தாலும் அன்பு குறைந்துபோகாது. சிலிண்டர் பதிவதும், தண்ணீர் பிடிப்பதும், இறைச்சிக் கடையில் நிற்பதும் யார் பொறுப்பு என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் நினைவுபடுத்தும் வேலையும் ஒரு வேலைதான்; அதையும் ஒருவர் தலையிலேயே வைக்காதீர்கள். பண்டிகை நாளின் பாத்திரங்களை ஆண்களும் பிள்ளைகளும் கழுவட்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டின் தலைவி, ஆண்டவருடைய பாதத்தில் அமரட்டும், அல்லது தூங்கட்டும். இரண்டும் அவருக்குப் பிரியமே.

எரிச்சலோடு இவ்வாரத்தைக் கடக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாரத்தை ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகான ஜெப வார்த்தைகள் தேவையில்லை. மார்த்தாள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பின்பு வீட்டாரிடமும் சொல்லுங்கள். பாத்திரத்தின் ஓசையால் சொல்வதைவிட வாயால் சொல்வது நல்லது. கேட்பவர்களுக்கும் அது புரியும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். வீடு சந்திப்பில் இனி நாற்காலி அடுப்படிக்குப் பக்கத்திலேயே போடப்படட்டும். கதவருகில் அமர்ந்து, எல்லாரும் கூடியிருக்க வேதம் வாசிப்போம்.

ஜெபிப்போம்.

அன்பின் ஆண்டவரே, பெத்தானியாவின் வீட்டில் முறையிட்டவளைப் பேர் சொல்லி அழைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த நாட்களில் அடுப்படியிலும் ஆலையிலும் தறியிலும் காட்டிலும் களைத்திருக்கும் உம்முடைய பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். அறுந்துபோன வார்த்தைகளைப் பொழுது சாயுமுன் இணைக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஒருவர் தோளில் சாய்ந்திருக்கும் பாரத்தைக் காணும் கண்களையும், அதைத் தாங்கும் கைகளையும் தாரும். இராவேலை செய்தவர்களுக்குக் கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்தீரே. எங்கள் வீடுகளின் அடுப்பருகிலும் வந்து நில்லும். உம்முடைய பிறப்பின் நற்செய்தியை இவ்வாண்டு சமைக்கிறவர்களும் கேட்கச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்